கொடியின் வயதும் புட்டியின் வயதும்

புளி வாங்கப் போனால் திருவண்ணாமலைக் கடைக்காரர் முதலில் கேட்பது "புதுசா, பழசா?" என்றுதான். மாசி, பங்குனியில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். வாயில் வைத்தால் பல் கூசும். அதையே கொட்டையும் நாரும் நீக்கி, கல்லுப்புத் தூவி, பானையில் அமுக்கி வைத்தால் ஓராண்டில் கருஞ்சிவப்பாகிறது, அடுத்த ஆண்டில் கறுத்தே போகிறது. புளிப்பின் கூர்மையும் தணிகிறது. சித்த மருத்துவர் மருந்துக்குக் கேட்பதும் பழம்புளியைத்தான். தக்காளி நான்கு நாளில் அழுகிவிடும். புளி மட்டும் எப்படி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது? நிற்பதோடு எப்படிப் பக்குவமும் ஆகிறது? கெட்டுப்போவதும் முதிர்வதும் எந்த இடத்தில் பிரிகின்றன?

இதே கேள்விக்காக வேறு நாடுகளில் பெரும்பணம் கைமாறுகிறது. ஷிராஸ் என்ற கருந்திராட்சையிலிருந்து வடிக்கும் சிவப்பு ஒயினில் உயர்ந்த ரகங்களை இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட நிலவறையில் கிடத்தி வைத்துத் திறக்கிறார்கள். சாதாரண ஒயின் என்றால் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே சோர்ந்துவிடும். உயர்ந்த ரகத்தின் முகப்புச் சீட்டில் பெரும்பாலும் இரண்டு வயதுகள் அச்சாகியிருக்கும். ஒன்று அறுவடை ஆண்டு. அது புட்டியின் வயது. மற்றது 'பழங்கொடி' என்ற சொல். அந்தக் கொடி நட்டு எழுபது ஆண்டு ஆகியிருக்கலாம், நூற்றெண்பதும் ஆகியிருக்கலாம். வாங்குகிறவர் இரண்டு வயதுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

ஆனால் இந்த இரண்டு வயதுகளைப் பற்றியும் நமக்கு ஒரே அளவு உறுதியாகத் தெரியாது. புட்டிக்குள் நடப்பது பெருமளவு தெளிந்துவிட்ட வேதியியல். கொடியின் வயது ருசியில் என்ன செய்கிறது என்பதோ இன்னும் தீராத வழக்கு. இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. கோயில் ஊரிலிருந்து ஒயினைப் பற்றி எழுதுவதால் யாரையும் குடிக்க அழைப்பதாக எண்ண வேண்டாம். ஒரு தாவரம் தன் தோலிலும் தண்டிலும் எதைச் சேர்த்து வைக்கிறது, அது காலத்தோடு எப்படி மாறுகிறது என்பது, குடிக்காதவரும் அறிந்து வியக்க வேண்டிய செய்தி. அதில் நம் வயற்காட்டுக் களை ஒன்றுக்கும் பங்கு உண்டு.

முதலில் ஷிராஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஈரானில் இதே பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. அதனால் பாரசீகத்திலிருந்து சிலுவைப் போர் வீரன் ஒருவன் இந்தக் கொடியைப் பிரான்சுக்குக் கொண்டுபோனான் என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. 1998-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித்தின் குழு, பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்களோடு சேர்ந்து, மரபணுச் சோதனையால் அதை முடித்துவைத்தது. மனிதர்களுக்குத் தந்தை யார் என்று பார்க்கும் அதே முறைதான். டுரேசா என்ற கருந்திராட்சையும் மோண்டூஸ் பிளாஞ்ச் என்ற வெள்ளைத் திராட்சையும் கலந்து பிறந்தது ஷிராஸ். பெற்றோர் இரண்டுமே பிரான்சின் தென்கிழக்கைச் சேர்ந்தவை. ரோன் ஆற்றங்கரைதான் இதன் சொந்த ஊர். அங்கே இதை சிரா என்பார்கள்.

ஷிராஸின் குணத்தைப் பேசும் எவரும் முதலில் சொல்வது மிளகு வாசம். இடித்த மிளகை மூக்கருகில் கொண்டுவந்ததுபோல் இருக்கும் என்று பலரும் பலகாலமாக எழுதி வந்தார்கள். கவிதைக்குச் சொல்வதாகக்கூட யாரும் நினைத்திருக்கலாம். அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தப் பேச்சை அப்படியே நம்பி, மிளகைத் தேடிப் போனார்கள். வாயுநிறப்பிரிகை என்றொரு முறை உண்டு. நூற்றுக்கணக்கான வாசப்பொருள்கள் கலந்த ஒன்றை ஆவியாக்கி நீண்ட மெல்லிய குழாய்க்குள் அனுப்பினால், ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். அந்த முனையில் கருவி ஒன்று அளவைப் பதிந்துகொண்டே போகும். பக்கத்தில் ஒரு மனிதர் மூக்கை வைத்து, இப்போது பூ, இப்போது புல், இப்போது மிளகு என்று குறித்துக்கொண்டே வருவார்.

2007-இல் ஒரு துப்புக் கிடைத்தது. மிளகு வாசம் மிகுந்த திராட்சையில் ஆல்ஃபா-இலாஞ்சீன் என்ற சேர்மமும் மிகுந்திருந்தது. ஆனால் அதைத் தனியே முகர்ந்தால் மிளகின் சாயலே இல்லை. கூடவே இருப்பது ஒன்று, காரணமாக இருப்பது மற்றொன்று. தேடலை அவர்கள் நிறுத்தவில்லை. 2008-இல் உண்மையான காரணப் பொருள் அகப்பட்டது. அதன் பெயர் ரொட்டண்டோன். ஷிராஸிலும் மிளகிலும் அதே மூலக்கூறுதான் இருந்தது. மிளகில் ஒயினைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம், அவ்வளவே வித்தியாசம். மிளகின் காரம் வேறு, அது பைப்பரின் என்ற பொருளால் நாக்கில் சுடுவது. நாம் இங்கே பேசுவது அதன் வாசத்தை.

அந்தப் பெயர் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கோரைக்கிழங்கின் அறிவியல் பெயர் சைப்பெரஸ் ரொட்டண்டஸ். கடலைக்காட்டில் எத்தனை முறை கொத்தினாலும் முளைத்து வந்து திருவண்ணாமலை விவசாயியை அழவைக்கும் அதே கோரைதான். நலங்கு மாவில் மணத்துக்குச் சேர்க்கும் கிழங்கும் அதுவே. 1967-இல் வேதியியலாளர் சுக் தேவும் கூட்டாளிகளும் அதன் எண்ணெயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து விவரித்து, செடியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு உலகின் விலையுயர்ந்த புட்டிகளின் மிளகு வாசத்துக்குக் காரணம் எது என்று தேடியவர்கள் வந்து நின்றது அந்தப் பொருளில்.

அதன் வீரியத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் லிட்டருக்கு 8 நானோகிராம் இருந்தால் மனித மூக்கு கண்டுபிடித்துவிடுகிறது. சிவப்பு ஒயினில் 16. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. சாத்தனூர் அணை முழுக் கொள்ளளவான 7.3 டி.எம்.சி. தண்ணீரோடு நிரம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ரொட்டண்டோனை ஒன்றே முக்கால் கிலோ கரைத்தால் போதும், அணை முழுவதும் மிளகு மணக்கத் தொடங்கும். இவ்வளவு சொற்பமாக இருந்ததால்தான் கருவிக்குச் சிக்காமல் மூக்குக்கு மட்டும் சிக்கியது. வியப்பு என்னவென்றால், அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவை நூற்றுக்கணக்கான மடங்கு கூட்டியும் எந்த வாசமும் தெரியவில்லை. ஒரே குவளையை முகர்ந்த இருவர் சண்டையிட்டால், இருவருமே உண்மை சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

குளிர்ந்த மேட்டுநிலங்களில் விளையும் ஷிராஸில் இந்தப் பொருள் அதிகம். வெயில் காயும் சமவெளியில் குறைவு. அதனால் விக்டோரியா மாநில மலைப்பகுதி ஷிராஸ் மிளகாகவும், தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கு ஷிராஸ் நன்றாகக் கனிந்த கரும்பழமாகவும் மணக்கின்றன. குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வெயிலுக்குரியது.

இனிப் புட்டியின் வயது.

திராட்சைச் சாற்றைப் பிழிந்தால் அநேகமாக நிறமற்றுத்தான் வரும். கருந்திராட்சையின் நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குத் தோலையும் விதையையும் சேர்த்தே நொதிக்கவைப்பது அதனால்தான். அப்போது இரண்டு சரக்குகள் சாற்றில் இறங்குகின்றன. ஒன்று ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழம் நாக்கில் ஏற்றும் நீலமும் இந்த இனத்ததே. மற்றொன்று டானின் என்ற துவர்ப்பொருள். நம் எச்சிலில் வழவழப்பைத் தரும் புரதங்கள் இருக்கின்றன. டானின் அவற்றோடு ஒட்டிக்கொண்டு திரிந்துவிடும். வழவழப்பு போனதும் நாக்கு சொரசொரக்கிறது. துவர்ப்பு என்று நாம் உணர்வது பெரும்பாலும் அந்த உராய்வைத்தான். ஷிராஸின் தோலில் இந்த இரண்டு சரக்கும் தாராளம். ஆகவே இளம் ஷிராஸ் கருநீலமாக, வாயை இறுகப் பிடிப்பதாக இருக்கும்.

1951-இல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மேக்ஸ் ஷூபர்ட் இதை நம்பித்தான் ஒரு முயற்சியில் இறங்கினார். முந்தைய ஆண்டு ஐரோப்பா போனபோது, பிரான்சின் பொர்தோவில் நாற்பது, ஐம்பது ஆண்டு வயதான ஒயின்களை அவர் கண்டிருந்தார். ஆஸ்திரேலிய ஷிராஸாலும் அப்படி நீடிக்க முடியும் என்று கிரேஞ்ச் என்ற ஒயினை உருவாக்கினார். முதல் சில ஆண்டுகளின் தயாரிப்பை ருசித்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1957-இல் உற்பத்தியை நிறுத்தச் சொல்லி நிறுவனமே உத்தரவிட்டது. அவர் சத்தம் காட்டாமல் தொடர்ந்தார். ஆண்டுகள் கழித்து அதே புட்டிகளைத் திறந்தபோது கருத்து தலைகீழானது. 1955-ஆம் ஆண்டுத் தயாரிப்பு 1962-இல் சிட்னி போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது. ருசித்தவர்களின் நாக்கு மாறிவிடவில்லை, புட்டிக்குள் இருந்த பொருள்தான் மாறியிருந்தது.

என்ன மாறியது? தனித்தனியாகத் திரியும் ஆந்தோசயனின் நிலையற்றது. சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி காணாமல் போய்விடும். கணக்குப்படி ஐந்தாறு ஆண்டான ஒயின் வெளிறிப்போயிருக்க வேண்டும். ஆனால் வெளிறுவதில்லை, கருநீலம் செம்மாணிக்கமாகி, பிறகு செங்கல் நிறமாகி நிற்கிறது. இந்தப் புதிரை அவிழ்த்தவர் அதே அடிலெய்டு ஆராய்ச்சி நிலையத்தின் டி. சி. சாமர்ஸ். அவர் கையாண்டது எளிய சோதனை. கந்தக டைஆக்சைடு ஆந்தோசயனினைப் பிடித்துக்கொண்டால் அதன் நிறம் மறைந்துவிடும். இளம் ஒயினில் அதைச் சேர்த்தால் சட்டென்று வெளுக்கிறது. முதிர்ந்த ஒயினில் சேர்த்தாலோ நிறம் அசைவேனா என்கிறது. அப்படியானால் முதிர்ந்த ஒயினின் நிறம் பழைய நிறமியிலிருந்து வரவில்லை. வேறேதோ ஒன்றிலிருந்து வருகிறது. அளவு வாரியாக மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் கூழ்த்தூண்களின் வழியே செலுத்திப் பார்த்தார். நிறம் பெரிய பெரிய மூலக்கூறுகளோடு சேர்ந்து வந்தது. நிறமியும் துவர்ப்பொருளும் கைகோத்து, சங்கிலியாக இணைந்திருந்தன. 1971-இல் அவர் வெளியிட்ட இந்தக் கருத்தின்படி அவற்றுக்குப் பல்லுறுப்பு நிறமி என்று பெயர். தனி நிறமி உதிர்ந்துவிடும். சங்கிலியில் பூட்டிய நிறமி நிற்கும்.

துவர்ப்பு தணிவதற்கும் இதே சங்கிலிதான் காரணம் என்று அப்போது விளக்கினார்கள். சங்கிலி நீண்டு, கனத்து, புட்டியின் அடியில் வண்டலாகப் படிகிறது. மேலே உள்ள திரவம் மென்மையாகிறது என்றார்கள். பழைய புட்டியைச் சாய்த்தால் தோள்பகுதியில் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புப் படலம் அந்த வண்டல்தான். விளக்கம் பாதி உண்மை. ஒயினின் புளிப்பே டானின் சங்கிலிகளை அங்கங்கே அறுத்தும் விடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. அறுந்த துண்டு நிறமியோடு ஒட்டுகிறது, சில துண்டுகள் தம்முள் மறுபடி ஒட்டுகின்றன. கட்டுவதும் அவிழ்ப்பதும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே நடக்கின்றன. அதன் கூட்டு விளைவாக எச்சில் புரதத்தைப் பிடிக்கும் வேகம் குறைகிறது. சங்கிலி நீள்வது மட்டுமே முதிர்ச்சி என்று இன்று யாரும் எழுதினால் அது பழைய பாடம்.

இங்கேதான் புளி உள்ளே வருகிறது. எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம், ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலம். டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்து வைக்கும் பழங்கள் மிகச் சில. நாம் அன்றாடம் பார்ப்பவற்றில் திராட்சையும் புளியும்தான் அவற்றில் முக்கியமானவை. அதிலும் புளிதான் பெரிய களஞ்சியம். இந்த அமிலத்தைக் கிருமிகளால் எளிதில் தின்ன முடியாது. வெயில் ஏறினால் திராட்சை தன் மாலிக் அமிலத்தைத் தானே மூச்சில் எரித்துவிடும். டார்டாரிக் மட்டும் அப்படியே நிற்கும். போதிய புளிப்பு இருந்தால் கிருமி வராது, நிறம் நிற்கும், கெடாமல் காக்கச் சேர்க்கும் சிறிதளவு கந்தகமும் நன்றாக வேலை செய்யும். வெப்ப நாடுகளில் புளிப்புப் போதாதபோது ஒயின் செய்பவர்கள் டார்டாரிக் அமிலத்தை வாங்கியே சேர்க்கிறார்கள். கெடாமல் நிற்க அமிலம், மாறிக்கொண்டே இருக்கத் துவர்ப்பும் நிறமியும். இரண்டும் கூடியிருக்கும் ஒயினுக்கே முதுமை வாய்க்கும். முதலாவது இல்லையென்றால் அழுகல், இரண்டாவது இல்லையென்றால் வெறும் சோர்வு.

மூன்றாவது ஒன்றும் உண்டு: காற்று. 1860-களில் லூயி பாஸ்டர் ஒயினைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, சிலவற்றை விளிம்பு வரை நிரப்பியும் சிலவற்றில் பாதி காற்றை விட்டும் முனையை உருக்கி மூடினார். நிரம்பிய குழாயில் ஒயின் அப்படியே இருந்தது. காற்று விட்ட குழாயில் நிறம் பழுத்து வண்டல் படிந்தது. கிருமி இல்லாமலே ஆக்சிஜன் முதிர்ச்சியைத் தள்ளுகிறது என்று அதனால் அறிந்தோம். ஆனால் எவ்வளவு ஆக்சிஜன்? அடிலெய்டு நிலையம் 1999-இல் ஒரே ஒயினைப் பதினான்கு வகை மூடிகளால் அடைத்து வைத்துப் பார்த்தது. அது செமிய்யோன் என்ற வெள்ளை ஒயின். காற்றுப்பட்டால் வெள்ளை ஒயினில் சீக்கிரம் தெரிந்துவிடும் என்பதால் அதை எடுத்தார்கள். சில பிளாஸ்டிக் அடைப்பான்களின் கீழ் அது விரைவில் பழுப்பேறியது. திருகுமூடியின் கீழ் நெடுநாள் புதிதாகவே இருந்தது. இயற்கைத் தக்கையில் புட்டிக்குப் புட்டி ஏற்றத்தாழ்வு. ஒரே ஆண்டு, ஒரே தோட்டம், ஒரே பெட்டியைச் சேர்ந்த இரண்டு பழைய புட்டிகள் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தக்கைதான் பதில்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் வேதிவினை சுமார் இரு மடங்கு விரைவாகும் என்பது பொதுவிதி. நிலவறையில் 13 பாகையில் கிடக்க வேண்டிய புட்டியைச் சித்திரையில் 40 பாகையைத் தொடும் திருவண்ணாமலையில் அலமாரியில் வைத்தால், காலம் வேகமாக ஓடும் என்பதோடு கதை முடிவதில்லை. எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் விரைவதில்லை. பழுப்பாக்கும் வினைகள் முந்திக்கொள்ளும். சங்கிலி நிதானமாகக் கட்டி அவிழும் வேலை பின்தங்கும். ஆகவே இருபது ஆண்டு நிலவறையின் பக்குவத்தை இரண்டு கோடையில் பெற முடியாது. கிடைப்பது வேறு பொருள். பெரும்பாலும் கெட்ட பொருள்.

புட்டியின் வயதைப் பொய் சொல்லவும் முடியாது என்பது இதில் கூடுதல் சிறப்பு. 1963 வரை வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பானது. அதன்பின் ஆண்டுக்காண்டு இறங்கி வருகிறது. கொடி அந்தந்த ஆண்டின் காற்றை உண்டுதான் சர்க்கரை செய்கிறது, அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் 1958 முதல் 1997 வரையிலான ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்களின் ஆல்கஹாலை அளந்து, சீட்டில் உள்ள ஆண்டோடு ஒப்பிடலாம் என்று காட்டினார்கள். அணுகுண்டுக் காலத்தின் கறை ஒவ்வொரு புட்டியிலும் தேதி முத்திரையாகப் பதிந்திருக்கிறது.

கொடியின் வயதுக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. கிழட்டுக் கொடியின் தண்டு முறுக்கேறி, நடுவில் கோறையாகிவிடும். வளையம் எண்ண உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. நட்ட ஆண்டை நிலப்பதிவு, குடும்பக் குறிப்பு, கிராமப் பேரேடு ஆகியவற்றைக்கொண்டே சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சேகரித்த திராட்சைக் குச்சிகள் 1832-இல் சிட்னி வந்து சேர்ந்தன. அதே 1832-இல்தான் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குத் திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் சொல்வார்கள். பரோசாவில் லாங்மைல் என்ற இடத்தில் கிறிஸ்டியன் ஔரிக்ட் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. டர்க்கி ஃபிளாட்டில் 1847-இன் கொடிகள் நிற்கின்றன. ஷிராஸின் தாயகமான பிரான்சிலேயே இவ்வளவு பழைய கொடிகளைக் காண்பது அரிது.

காரணம் ஒரு பூச்சி. வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் 1860-களில் பிரான்சில் இறங்கி, வேரை உறிஞ்சி, தோட்டம் தோட்டமாகக் காயவைத்தது. எதிர்ப்புச்சக்தி உள்ள அமெரிக்கக் கொடியை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தொழிலை மீட்டார்கள். 1877-இல் பேன் விக்டோரியாவையும் எட்டியது. பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியா வெளியிலிருந்து கொடியோ குச்சியோ வரக்கூடாது என்று சட்டமிட்டது. இன்றுவரை அங்கே பேன் நுழையவில்லை. பேனிடமிருந்து தப்பிய கொடிகளை 1980-களில் மனிதர்களே பிடுங்கத் தொடங்கினார்கள். திராட்சை மலிந்து விலை சரிந்ததால், கொடியை அகற்றுபவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. நூறாண்டுக் கொடிகள் பல அப்படிப் போயின. பீட்டர் லேமன் போன்ற சிலர் விவசாயிகளிடம் பழத்தை வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். 2009-இல் பரோசாவில் வயதுக்கு வகுப்புப் பிரித்தார்கள்: 35-க்கு மேல் பழங்கொடி, 70-க்கு மேல் தப்பியது, 100-க்கு மேல் நூற்றாண்டு கண்டது, 125-க்கு மேல் மூதாதை.

சரி, மூதாதையின் பழம் உண்மையில் உயர்ந்ததா? வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது: வயதான கொடி குறைவாகக் காய்க்கும், குறைவாகக் காய்ப்பதால் பழத்தில் சாரம் கூடும். பரோசாவிலேயே அருகருகே நிற்கும் இளைய, முதிய ஷிராஸ் கொடிகளை அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முதல் பாதியே எல்லா இடத்திலும் நிற்கவில்லை. முதிய கொடி நன்றாகவே காய்த்த தோட்டங்கள் இருந்தன. பழத்தின் உட்பொருளில் தெரிந்த வேறுபாடும் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரிதல்ல. இன்னொரு சிக்கல் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. மோசமான மண்ணில் நட்ட கொடியை இருபதாம் ஆண்டிலேயே பிடுங்கியிருப்பார்கள். நூறாண்டு பிடுங்காமல் விட்டார்கள் என்றாலே அது நல்ல மண், நல்ல குச்சி, நல்ல கைகளில் வளர்ந்த கொடி. அதன் ஒயின் சிறந்திருந்தால் அந்தச் சிறப்பு வயதால் வந்ததா, வயது வரை வாழவைத்த காரணங்களால் வந்ததா? இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. ஒரே மரபுக் குச்சியை ஒரே நிலத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் நட்டு, பல பருவம் காத்திருந்தால்தான் பிரிக்க முடியும். அப்படிப்பட்ட சோதனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆகவே பழங்கொடி என்றாலே ருசி உயர்ந்தது என்ற விளம்பரத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் பழங்கொடியைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பருத்த தண்டில் மாவுச்சத்தும் நீரும் அதிகம் சேர்ந்திருக்கும். வறண்ட ஆண்டில் அது தாங்கிப் பிடிக்கும். இன்று நர்சரிகளில் விற்பது ஒருசில தேர்ந்த குச்சிகளின் பிரதிகள். வேர்ப்பேன் காலத்துக்கு முன்பே கடல் கடந்த கொடிகளில், ஐரோப்பா இழந்துவிட்ட மரபணு வகைகள் உயிரோடு இருக்கின்றன. வெயில் கூடிவரும் காலத்தில் அந்த வகைகள் தேவைப்படும்.

நம் பக்கம் வருவோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பழங்கொடி என்ற பேச்சே இல்லை. பந்தலில் படர்ந்த அந்தக் கொடி பதினைந்து, இருபது ஆண்டுகளில் ஓய்ந்துவிடும், பிடுங்கி மறுபடி நடுவார்கள். பரோசாவில் குளிர்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்து உறங்கும். உறங்குமுன் மாவுச்சத்தைத் தண்டுக்கும் வேருக்கும் இறக்கி வைக்கும். கம்பத்தில் உறக்கம் கிடையாது. கவாத்து வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும். இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடைகூட எடுப்பார்கள். ஒவ்வொரு கவாத்தும் தண்டின் சேமிப்பில் கைவைப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது வயதுக் கம்பம் கொடி ஐம்பது முறை காய்த்திருக்கும். பரோசாவில் அதற்கு ஐம்பது ஆண்டு வேண்டும். கொடியின் வயதை ஆண்டில் எண்ணுவது குளிர்நாட்டு வழக்கம். நம் ஊருக்குக் காய்ப்பில் எண்ணுவதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நாசிக்கிலும் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்திலும் ஷிராஸ் பயிராகிறது. அங்கே இடைப்பட்ட ஒரு முறையைக் கையாளுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, அது தண்டை வலுவாக்க. மழை ஓய்ந்ததும் இரண்டாவது கவாத்து, அது பழத்துக்கு. அறுவடை பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறைதான். கன்வல் குரோவர் நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சு ஒயின் ரகங்களை நடத் தொடங்கியது 1980-களின் பிற்பகுதியில். பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு 2024-இல் பழங்கொடிக்கு 35 ஆண்டு என்று வரம்பு வைத்தது. அந்த முதல் நடவில் பிடுங்காமல் விட்ட கொடிகள் எங்கேனும் இருந்தால், அவை அந்த வரம்பை இப்போதுதான் தாண்டுகின்றன. அவற்றிலிருந்தே குச்சி எடுத்து, அதே மண்ணில் பக்கத்து வரிசையில் இன்று நடலாம். பத்து ஆண்டு கழித்து இரண்டு வரிசையின் பழத்தையும் தனித்தனியே வடித்து, டானினை அளந்து, பெயர் சொல்லாமல் ருசிக்கக் கொடுக்கலாம். உறக்கமில்லாத நிலத்தில் கொடியின் வயது என்ன செய்கிறது என்பதை ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் சோதிக்க முடியாது. அவர்களுடைய கொடிகள் உறங்குபவை. இந்தச் சோதனையை புனேயின் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் கையில் எடுக்க வேண்டும், பழைய வரிசையைப் பிடுங்குவதற்கு முன்னால்.